பத்து ரூபாச் சாமானும் பதினைந்தாயிரம் ரூபா பில்லும்

லெப்டொப்பின் மதர்போர்ட் பழுதானால் அதைத் திருத்துவது வீண் செலவு என்பது கொழும்பில் ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவு. வெள்ளவத்தைக் காலி வீதியிலும், கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியிலும், கொம்பியூட்டர் கடைகள் குவிந்துள்ள பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலும் வாடிக்கையாளர் வாயிலிருந்து முதலில் வருவது இதுதான்: "போர்ட் போயிற்றென்றால் விடுங்கள், புதிதாக ஒன்று எடுப்பம்." இதனோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு கருத்தும் உலவுகிறது. திருத்துபவர் மாற்றும் சாமான் பத்து ரூபா பெறாது, கேட்பதோ பதினைந்தாயிரம், ஆகவே இது பகற்கொள்ளை என்பது அது.

இரண்டையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொல்வது வழக்கம். முதலாவது கருத்து போர்டின் சேதத்தைத் தீர்க்கவே முடியாத பெருஞ்சேதம் என்கிறது. இரண்டாவது அதையே பத்து ரூபாவில் தீரும் சில்லறைச் சேதம் என்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க வழியில்லை. ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: திருத்தச் செலவைச் சாமானின் விலையால் அளப்பது. ஒருவர் முழுப் போர்டின் விலையால் அளக்கிறார், மற்றவர் ஒற்றைக் கொள்ளளவியின் விலையால் அளக்கிறார். போர்ட் வேலையில் காசு போவதோ இவை இரண்டிலும் அல்லாத மூன்றாவது ஒன்றுக்கு. பழுது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கு.

இதை விளங்கிக்கொள்ள, போர்டில் மின்சாரம் நடக்கும் வழியைப் பார்க்க வேண்டும். அடப்டரிலிருந்து 19 அல்லது 20 வோல்ட் வருகிறது. வாசலில் கதவுபோல நிற்கும் இரண்டு மொஸ்பெட் ஆளிகள், சார்ஜிங் ஐசி அனுமதித்தால் மட்டுமே அதை உள்ளே விடுகின்றன. உள்ளே வந்த மின்சாரம் ஒரு பிரதான தடத்தில் சேர்ந்து, அங்கிருந்து பட்டரிக்கும், வோல்ட்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் பல சிறு சுற்றுகளுக்கும் பிரிகிறது. 3.3 வோல்ட்டும் 5 வோல்ட்டும் மெஷின் அணைந்திருக்கும்போதும் இருந்துகொண்டே இருக்கும். பொத்தானை அழுத்தியதும், விசைப்பலகையையும் மின்விநியோகத்தையும் மேய்க்கும் ஒரு சிறு கட்டுப்பாட்டு ஐசி விழித்து, மற்றத் தடங்களை வரிசைப்படி எழுப்பும். டிடிஆர்4 நினைவகத்துக்கு 1.2 வோல்ட், சிப்செட்டுக்குத் தேவையானது, கடைசியாகப் புரொசெசருக்கு ஒரு வோல்ட் அளவு. ஒவ்வொன்றும் "நான் சரி" என்று சைகை கொடுத்த பிறகே அடுத்தது எழும். நடுவில் ஒன்று சைகை கொடுக்காவிட்டால் வரிசை அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு உறுப்புகள் கொண்ட ஒரு பலகையில் ஒன்று இறந்தாலும், வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரியும் அறிகுறி ஒன்றுதான்: பொத்தானை அழுத்தினால் அசைவில்லை. வாசல் மொஸ்பெட் எரிந்தாலும், மெஷினைத் தொடக்கிவைக்கும் பயோஸ் நிரல் குழம்பினாலும், புரொசெசரே போனாலும் அதே இருட்டுத் திரை. "போர்ட் போயிற்று" என்ற தீர்ப்பு இந்த அறிகுறிக்கு வைக்கப்பட்ட பெயர். அது எந்தப் பழுதையும் சுட்டவில்லை. சில வேளைகளில் போர்டில் பழுதே இருப்பதில்லை. 2022 மார்ச் 31 அன்று 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்டில், 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததில் தீவு முழுவதும் இருண்டதாக அமைச்சரே சொன்ன நாட்டில், எல்லாப் பழுதுக்கும் கரண்டைக் குற்றஞ்சொல்வது இயல்பே. ஆனால் கரண்ட் திரும்பி வரும்போது எழும் அலையின் முதல் அடியை வாங்குவது அடப்டர். அடப்டரும் சார்ஜர் செருகும் முனையும் சரியா என்று பார்க்காமலே போர்ட் இறந்ததாக அறிவிக்கப்பட்ட மெஷின்கள் குறைவில்லை.

போர்டிலேயே பழுது என்று வைத்துக்கொண்டாலும், அடிக்கடி காண்பது சின்னப் பழுதுதான். அதிலும் அதிகம் பழுதாவது பீங்கான் கொள்ளளவி, அரிசி மணியை விடச் சிறியது. ஒரு தடத்திலிருந்து நிலத் தடத்துக்கு இத்தகையவை பத்து, இருபது, முப்பது என்று சமாந்தரமாகப் பூட்டப்பட்டிருக்கும். அவற்றில் ஒன்றில் மயிரிழை வெடிப்பு விழுந்து ஷோர்ட் ஆனால் தடம் முழுவதும் ஷோர்ட். இங்கேதான் சிக்கல். சமாந்தரமாக இருப்பதால் மல்டிமீட்டரை எந்தக் கொள்ளளவியில் வைத்தாலும் ஒரே சத்தம். குற்றவாளியும் குற்றமற்ற இருபத்தொன்பதும் மீட்டருக்கு ஒன்றுபோலவே தெரியும்.

அனுபவமுள்ளவர் அந்தத் தடத்துக்கு வெளியிலிருந்து ஒரு வோல்ட் அளவில் மின்சாரம் ஏற்றுவார். ஷோர்ட் ஆன உறுப்பு சூடேறும். வெப்பக் கமரா இருந்தால் அது ஒரு புள்ளியாகத் தெரியும். கமரா இல்லாதவர் போர்டில் ஐசோபுரொப்பில் அல்கஹோல் தடவி, அது எந்த இடத்தில் முதலில் காய்கிறது என்று பார்ப்பார். கண்டுபிடித்த பிறகு நுணுக்குக்காட்டியின் கீழ் அந்தக் கொள்ளளவியைக் கழற்றி எடுத்தால் மெஷின் எழுந்துவிடும். பக்கத்தில் இருபத்தொன்பது பேர் அதே வேலையைச் செய்துகொண்டிருப்பதால், பல இடங்களில் புதிதாக ஒன்றைப் போட வேண்டிய தேவையே இராது. ஆக, "பத்து ரூபாச் சாமான்" என்ற குற்றச்சாட்டுக்கூட மிகைதான். போட்ட சாமானின் விலை பூச்சியம்.

பயோஸ் வேலையும் இப்படித்தான். எட்டுக் கால் கொண்ட ஒரு சிறு ஐசியை வாசித்து, குழம்பிய பகுதியை நல்ல கோப்பால் மாற்றி, அந்த மெஷினுக்கே உரிய தொடர் இலக்கத்தையும் விண்டோஸ் உரிமத்தையும் பழைய கோப்பிலிருந்து எடுத்துக் காப்பாற்றித் திரும்ப எழுத வேண்டும். சாமான் எதுவும் மாறவில்லை. தெரியாத ஒருவர் வேறு மெஷினின் கோப்பை அப்படியே எழுதிவிட்டால் மெஷின் எழலாம், ஆனால் அது இன்னொன்றின் அடையாளத்தோடு எழும்.

எதிர்ப்பக்கத்து ஆபத்தும் உண்டு. புரொசெசருக்குப் போகும் தடத்தில் தடை இயல்பிலேயே மிகக் குறைவு. கற்றுக்குட்டி ஒருவர் மீட்டரை வைத்துப் பார்த்து, அது ஷோர்ட் என்று எண்ணி, நல்ல தடத்தின் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கிவிடலாம். எதைத் தொடக்கூடாது என்று தெரிவதும் கூலியில் சேரும்.

"எடுத்த வேலை பதினைந்து நிமிடம், அதற்கு இவ்வளவா?" என்று கேட்பவர் கண்டது அந்தப் பதினைந்து நிமிடத்தை மட்டும். அதே நாளில் அதே மேசையில் மூன்று மணிநேரம் தின்றுவிட்டுக் கைவிடப்பட்ட இன்னொரு போர்டை அவர் காணவில்லை. கொழும்புக் கடைகளில் பலவற்றில் "சரிவராவிட்டால் காசு இல்லை" என்பதே நடைமுறை. வாடிக்கையாளருக்கு இது இனிப்பாக இருக்கிறது. ஆனால் கைவிடப்பட்ட போர்டுகளின் நேரத்துக்கான கூலியை யாரோ கொடுத்தாக வேண்டும். கணக்குக்காகத் தொகைகளை எடுத்துக்கொண்டால், பத்துப் போர்ட் வந்து ஏழு உயிர் பெறுகின்றன, மூன்று பெறவில்லை. ஒரு போர்டுக்குச் சராசரி அடக்கம் 10,500 ரூபா என்றால், பத்துக்கும் 105,000 ரூபா. அது ஏழு பேரிடமிருந்தே வர வேண்டும். ஆளுக்கு 15,000. பில்லைப் பார்த்துக் கொதிக்கும் ஏழாவது ஆள், தன் கூலியில் பத்தில் மூன்று பங்கு சரிவராத போர்டுகளுக்குப் போனது என்பதை அறியமாட்டார். பார்ப்பதற்கு ஒரு கட்டணம், திருத்துவதற்கு வேறொரு கட்டணம் என்று பிரித்து வாங்கும் கடையே நியாயமான கடை. ஆனால் அந்தக் கடையைத்தான் வாடிக்கையாளர் "பார்க்கவும் காசா?" என்று கேட்டுவிட்டுத் தாண்டிப் போகிறார்.

இதற்குமேல் ஒரு கை மாறுவதும் உண்டு. முகப்பில் லெப்டொப் படம் ஒட்டிய கடைகள் எல்லாமே போர்ட் வேலை செய்பவை அல்ல. திரை, விசைப்பலகை, விண்டோஸ் வரை அங்கே நடக்கும். போர்ட் என்றால் வாங்கி வைத்து, அதைச் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்து, தம் பங்கையும் சேர்த்து வாடிக்கையாளரிடம் வாங்குவார்கள். ஒரே பழுதுக்கு மூன்று கடைகளில் மூன்று விலை வருவதற்கு இதுவும் ஒரு காரணம். மூன்று பேரும் ஏமாற்றுகிறார்கள் என்ற முடிவுக்குப் போகத் தேவையில்லை.

கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி. ஒருகாலத்தில் வானொலிப் பெட்டியின் பின்மூடியைத் திறந்தால் உட்புறத்திலேயே சுற்றுப்படம் ஒட்டியிருக்கும். இன்றைய லெப்டொப்பின் சுற்றுப்படம் இரகசிய ஆவணம். எச்பி, டெல், லெனோவோ, ஏசர் என்று மூடியில் எந்தப் பெயர் இருந்தாலும், உள்ளிருக்கும் போர்டை வடிவமைத்தது பெரும்பாலும் கொம்பல், குவாண்டா, விஸ்ட்ரொன், இன்வென்டெக் போன்ற தைவான் நிறுவனங்களில் ஒன்று. அதனால் போர்ட் வேலை தெரிந்தவர் முதலில் தேடுவது மூடியிலுள்ள மொடல் பெயரையல்ல. பலகையில் அச்சிட்ட இலக்கத்தை, கொம்பல் போர்ட் என்றால் 'எல்ஏ' என்று தொடங்கும் இலக்கத்தைத் தேடுவார். அந்த இலக்கத்துக்குரிய சுற்றுப்படமும், எந்த உறுப்பு எந்தத் தடத்தில் என்று காட்டும் போர்ட்வியூ கோப்பும் கிடைத்தால் வேலை பாதியாகும். அவை உற்பத்தியாளரிடமிருந்து வருவதில்லை. கசிந்தவை மட்டுமே கைக்குக் கை மாறுகின்றன. கிடைக்காத போர்டில் ஒவ்வொரு புள்ளியாக அளந்து, நல்ல போர்ட் ஒன்றின் அளவோடு ஒப்பிட்டு, வழியைத் தாமே வரைந்துகொள்ள வேண்டும்.

சாமானிலும் இதே பூட்டு. சில சார்ஜிங் ஐசிகள் ஒரே நிறுவனத்துக்கென்று மட்டும் செய்யப்பட்டு வெளிச்சந்தைக்கு வராதவை. அவை தேவைப்பட்டால் இறந்த இன்னொரு போர்டிலிருந்து கழற்றித்தான் எடுக்க வேண்டும். அதற்காகவே இறந்த போர்டுகளை விலைகொடுத்து வாங்கிச் சேர்த்து வைக்கிறார்கள். அந்தச் சேமிப்பும் பில்லில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரி.

"அப்படியானால் கம்பனியின் அங்கீகாரம் பெற்ற நிலையத்திலேயே ஏன் திருத்த முடியாது என்கிறார்கள்? அவர்களுக்குத் தெரியாததா?" என்பது பொதுக் கருத்தின் பலமான வாதம். அங்கீகாரம் பெற்ற நிலையம் பெரும்பாலும் போர்டைத் திருத்துவதில்லை, மாற்றுகிறது. மாற்றும் போர்டில் புரொசெசர், பல மொடல்களில் நினைவகம், சிலவற்றில் சேமிப்பகம் எல்லாம் சேர்ந்தே வருகின்றன. ஆகவே அவர்கள் சொல்லும் விலை மெஷினின் விலையில் பெரும்பங்காகத்தான் இருக்கும். "திருத்த முடியாது" என்று அங்கே சொல்லப்படுவதன் பொருள் அந்த நிலையத்தின் வேலைமுறையில் அது இல்லை என்பதே. 2018 ஒக்டோபரில் கனேடிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஒரு மறைகமராப் பரிசோதனையை ஒளிபரப்பியது. திரையின் பின்னொளி வராத ஒரு மெக்புக் புரோவுக்கு அப்பிள் கடையில் சொல்லப்பட்ட செலவு 1,200 கனேடிய டொலருக்கு மேல். அதே மெஷினை நியூயோர்க்கில் போர்ட் திருத்தும் லூயி ரொஸ்மனிடம் கொண்டுபோனபோது, திரை இணைப்பில் வளைந்திருந்த ஒரு ஊசியை நிமிர்த்தி ஒளியை வரவைத்தார். அதற்குக் காசு வாங்கமாட்டேன் என்றார். எல்லாப் பழுதும் இப்படி அமையாது. ஆனால் "கம்பனியே முடியாது என்று சொல்லிவிட்டது" என்ற சொல்லுக்குத் தொழில்நுட்பத் தீர்ப்பின் மதிப்பைக் கொடுக்க முடியாது என்பதை அந்த ஊசி காட்டிவிட்டது.

பொதுக் கருத்தின் இன்னொரு தூண், "போர்ட் வேலை நிற்காது, இரண்டு மாதத்தில் திரும்பவும் போகும்" என்பது. இது வெறும் புரளியாகப் பிறந்ததல்ல. 2007, 2008 காலத்து லெப்டொப்புகள் பலவற்றில் இருந்த என்விடியா கிராபிக் சிப்களில், சிப்பின் உள்ளேயே, அதன் அடிப்பலகையோடு இணைக்கும் ஈயப்பற்றுகள் சூடாகிக் குளிர்ந்து வெடித்தன. 2008 ஜூலையில் அந்நிறுவனம் இதற்காக 15 முதல் 20 கோடி டொலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. எச்பியின் டிவி6000 வரிசை, டெல் எக்ஸ்பிஎஸ் எம்1330, அக்காலத்து மெக்புக் புரோ எல்லாம் இதில் அகப்பட்டவை. வெப்பக்காற்றால் அந்தச் சிப்பைச் சூடாக்கினால் வெடித்த பற்று கொஞ்சநாள் ஒட்டும், பின் திரும்ப விடும். அந்த ஆண்டுகளில் உலகெங்கும் கடைகள் செய்த "போர்ட் வேலை"யில் பெரும்பகுதி இந்தச் சூடாக்கல்தான். போர்ட் வேலையின் பெயர் கெட்டது அப்போது.

2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியதும் இந்தக் கதையில் சேர்ந்துகொண்டது. பழைய ஈயக்கலவை 183 பாகை செல்சியஸில் உருகும், புதிய ஈயமற்றது 217 பாகையைத் தாண்ட வேண்டும். பல அடுக்குச் செம்பு கொண்ட பலகையை அடியிலிருந்து சூடாக்காமல் மேலே மட்டும் காற்றடித்தால் பலகை வளையும், பக்கத்துப் பற்றுகள் தளரும். அக்காலக் கடைகளில் பலவற்றுக்கு இதற்கான கருவி இல்லை. ஆனால் அந்தத் தலைமுறைச் சிப்பின் குறைபாட்டை இன்று ஷோர்ட் ஆன கொள்ளளவிமேல் சுமத்துவது பொருந்தாது. குற்றவாளியை எடுத்துவிட்ட தடத்தில் அதே பழுது திரும்ப வருவதற்குக் காரணமே இல்லை. இன்றும் பழுதைத் தேடாமல் சிப்பைச் சூடாக்கி "ரீபோல் பண்ணினோம்", அதாவது சிப்பின் அடிப்பற்றுகளைப் புதிதாகப் போட்டோம், என்று கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பொதுக் கருத்து சொல்வது முழுக்கச் சரி.

இனிக் காசுக் கணக்கு. சுற்றுச்சூழல் வாதத்தை இங்கே இழுக்கத் தேவையில்லை, ரூபாவே போதும். "திருத்தச் செலவு பாதி விலையைத் தாண்டினால் திருத்தாதே" என்ற கைவிதி, கூலி உயர்ந்ததும் பொருள் மலிந்ததுமான நாடுகளில் பழக்கத்துக்கு வந்தது. இலங்கையில் நிலைமை தலைகீழ். திருத்துபவரின் கூலி ரூபாவில், புதிய மெஷினின் விலை டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மத்திய வங்கி நாணயமாற்று வீதத்தின் மேலிருந்த பிடியைத் தளர்த்திய பிறகு, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. 500 டொலர் மெஷின் ஒன்று இரண்டே மாதத்தில் ஒரு இலட்சத்திலிருந்து ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்குப் போயிற்று. பின்னர் டொலர் 300 அளவுக்கு இறங்கியபோதும் அதே மெஷின் ஒன்றரை இலட்சம். அதோடு, பெறுமதி சேர் வரி 8 வீதத்திலிருந்து 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 வீதம் என்று ஏறியது. சம்பளங்கள் இந்த வேகத்தில் ஏறவில்லை என்பதை வெள்ளவத்தையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. டொலர்ப் பொருளுக்கும் ரூபாக் கூலிக்கும் இடையிலான இடைவெளி விரிந்தபோது, திருத்துவதே இலாபம் என்ற பக்கத்துக்குத் தராசு சாய்ந்தது. பேச்சு மட்டும் 2019இலேயே நிற்கிறது.

கைவிதியில் இன்னொரு பிழையும் இருக்கிறது. பாதி விலை என்றால் எதன் பாதி? ஐந்து வயது மெஷினை இன்று விற்றால் 50,000 ரூபா வரும், ஆகவே 30,000 ரூபாவுக்குத் திருத்துவது மடைமை என்று கணக்குப் போடுகிறார்கள். ஆனால் அதை எறிந்துவிட்டு 50,000 ரூபாவோடு யாரும் வேலையைத் தொடர்வதில்லை, 150,000 ரூபாவுக்கு இன்னொன்று வாங்குகிறார்கள். ஒப்பிட வேண்டியது ஓர் ஆண்டுப் பாவனைக்கு எவ்வளவு என்பதை. புதியது ஐந்து ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 30,000. 30,000 கொடுத்துத் திருத்தியது ஒரே ஆண்டு உழைத்தாலே கணக்குச் சமம். இரண்டாம் ஆண்டில் அது ஓடும் ஒவ்வொரு மாதமும் மிச்சம்.

"அந்தக் காசுக்குப் பாவித்த லெப்டொப் ஒன்று எடுக்கலாமே" என்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. வெளிநாட்டு அலுவலகங்களில் கழித்து இறக்குமதியாகும் பாவித்த மெஷினிலும் இருப்பது அதே வயதுப் போர்ட். அது எத்தனை முறை திறக்கப்பட்டது, எதில் நனைந்தது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. சொந்த மெஷினின் சரித்திரமாவது வீட்டாருக்குத் தெரியும்.

டெப்லட்டுகளில் பொதுக் கருத்து பாதி சரி. மலிவு அன்ட்ரொயிட் டெப் ஒன்றின் போர்டைத் திருத்துவது பெரும்பாலும் நட்டம். உதிரிப்பாகம் கிடைக்காது, சுற்றுப்படம் இருக்காது, புதியதன் விலையும் குறைவு. ஐபாட் போன்றவற்றில் கண்ணாடி பசையால் ஒட்டப்பட்டது. சூடாக்கிப் பிரிக்கும்போதே அது வெடிக்கும் ஆபத்து உண்டு, ஆகவே போர்டைத் தொடும் முன்னரே கூலி ஏறத் தொடங்கிவிடும். ஆனால் டெப்லட்டில் வேறொரு கணக்கு குறுக்கே வருகிறது. அதன் சேமிப்பகம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. ஐபாட்களில் தரவைப் பூட்டும் சாவி புரொசெசருக்குள் இருக்கிறது. சேமிப்பகச் சிப்பைக் கழற்றி வேறோரிடத்தில் வாசித்தால் கிடைப்பது குப்பை. படங்களும் பாடக்குறிப்புகளும் வேண்டுமென்றால் அதே போர்ட், அதே புரொசெசரோடு, ஒருமுறையாவது உயிர்பெற வேண்டும். அப்பிள் இலவசமாகக் கொடுக்கும் முகில் சேமிப்பு 5 ஜிகாபைட் மட்டுமே என்பதால், பிரதி எடுத்து வைத்திருப்பவர்கள் குறைவு. அப்பிளின் டி2 பாதுகாப்புச் சிப் வந்த 2018க்குப் பிந்தைய மெக்புக்களிலும், 2020 நவம்பரில் தொடங்கிய எம்1 வரிசையிலும் நிலைமை இதுதான். இங்கே போர்டை மாற்றுவதற்குச் செலவும் அதிகம், உள்ளே இருந்ததும் எல்லாம் போகும். போர்டைத் திருத்துவதற்குச் செலவு குறைவு, தரவும் தங்கும்.

திருத்தவே கூடாத போர்டுகளும் உண்டு. புரொசெசருக்கு மின்சாரம் இறக்கும் சுற்றில் மேல்பக்க மொஸ்பெட் ஷோர்ட் ஆனால், ஒரு வோல்ட் கேட்கும் சிப்புக்குள் 19 வோல்ட் நேரே பாயும். அதற்குப் பின் தேட ஒன்றுமில்லை. பலகையின் உள்ளடுக்குகள் கருகிப்போனதும் அப்படியே. நேர்மையான திருத்துபவர் இதை முதல் அரைமணியிலேயே சொல்லிவிடுவார்.

நனைந்த போர்ட், திருத்தக்கூடியதற்கும் திருத்தக்கூடாததற்கும் நடுவில் நிற்பது. அதில்தான் பொதுக் கருத்து தன் சாட்சியைத் தானே உற்பத்தி செய்துகொள்கிறது. பழைய லெப்டொப்பில் பட்டரியைக் கழற்றி எடுத்துவிடலாம். இப்போதைய மெஷினில் பட்டரி உள்ளே திருகப்பட்டிருப்பதால், அணைத்த பிறகும் 3.3 வோல்ட் தடத்தில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கிறது. ஈரமும் மின்சாரமும் சேர்ந்தால் செம்பு கரைந்து பச்சை பூக்கும். சீனி போட்ட பால்தேநீர் வெறும் தண்ணீரை விடக் கொடியது, காய்ந்த பிறகும் பிசினாக ஒட்டிக்கொண்டு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அரிசி மூட்டைக்குள் வைப்பதால் பிசினும் போகாது, அரிப்பும் நிற்காது. அன்றே திறந்து, பட்டரி இணைப்பைக் கழற்றி, கழுவிக் காயவைத்தால் சிறு செலவோடு போகும் வேலை இது. "போர்ட் போயிற்று, இனிப் பயனில்லை" என்று அலுமாரியில் வைத்து ஆறு மாதம் கழித்து, வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளை சொன்னாரென்று கடைக்கு எடுத்துப் போகும்போது போர்ட் உண்மையாகவே போயிருக்கும். காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவிலுள்ள மாடிவீடுகளில் கடற்காற்றின் உப்பும் அந்த ஆறு மாதத்தில் தன் வேலையைச் செய்துவிடும்.

கடைகளின் பக்கம் குறையே இல்லை என்று யாரும் வாதாட முடியாது. "போர்ட் ரிப்பெயார்" என்று ஒற்றை வரியில் பில் எழுதுவது, கழற்றிய சிப்பைப் புதியது என்று விற்பது, உத்தரவாதத்தை வாய்ச்சொல்லோடு விடுவது எல்லாம் நடக்கின்றன. எந்தத் தடம் இறந்திருந்தது, எந்த உறுப்பு அகற்றப்பட்டது, அதன் இடத்தில் போட்டது புதியதா கழற்றியதா என்ற மூன்றையும் பில்லில் எழுதிக் கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. பழுதை உண்மையாகக் கண்டுபிடித்தவருக்கு இதை எழுத ஒரு நிமிடம் போதும், கண்டுபிடிக்காதவருக்கு எழுத ஒன்றும் இராது.

வெளிநாட்டுச் சட்டங்களும் போர்ட் வாசலில் வந்து தயங்குகின்றன. 2022 டிசம்பரில் கையெழுத்தான நியூயோர்க் மாநிலத்தின் திருத்தும் உரிமைச் சட்டம், கடைசி நேரத் திருத்தங்களால், தனி உறுப்புக்குப் பதிலாகத் தொகுதியாகவே உதிரிப்பாகம் கொடுக்க நிறுவனங்களுக்கு இடம் விட்டது. 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய விதி, கைத்தொலைபேசிக்கும் டெப்லட்டுக்கும் மொடல் விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டு உதிரிப்பாகம் கொடுக்கச் சொல்கிறது. பட்டரி, திரை, கமரா, இணைப்பு முனைகள் பட்டியலில் உண்டு, போர்டின்மேல் இருக்கும் சார்ஜிங் ஐசி இல்லை. இலங்கையில் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு அதிகாரம் தரும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் சுற்றுப்படம், உதிரிச் சிப் என்ற கதைக்கே போகவில்லை. ஆகவே கொட்டாஞ்சேனையில் ஒரு போர்டைத் திறப்பவர், அதன் சுற்றுப்படத்தைக் கசிந்த கோப்புகள் விற்பவரிடம் டொலர் கொடுத்தே வாங்குகிறார். அந்த டொலரும் ரூபாவாக மாறி, அதே பதினைந்தாயிரத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.